தொம்மைப் பாருக்கு யாரும் போவதில்லை

தூத்துக்குடி
20-9-1976

அன்பு மருமகள் கிருபைக்கு,

சிலுவையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் இதைப் படி.

போன வியாழக்கிழமை விடிகிற நேரம். நடுக்கடலில் தொம்மைப் பார் பக்கத்தில் இலங்கை ரோந்துப் படகு ஒன்று வந்து வள்ளத்தை மடக்கி, சிலுவையையும் அவனோடு போன நாலு பேரையும் மன்னாருக்கு இழுத்துப் போயிருக்கிறது. வள்ளம் என்னுடையது. அவன் தண்டல், அதாவது வள்ளத்தை நடத்துகிறவன். உனக்கு அவனைத் தெரியும். போன கிறிஸ்மஸ் லீவில் கடல் எல்லையைப் பற்றி எழுத நீ வந்தபோது நம் கருவாட்டுக் கிட்டங்கியில் ஆறு தண்டல்களை உட்கார வைத்துக் கொடுத்தேனே, அதில் டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டே உனக்குப் பதில் சொன்ன நெட்டையன்.

நடந்தது இவ்வளவுதான்: கச்சான் காற்று தள்ளிவிட்டது. வேம்பாருக்கு நேரே பாய் விரித்து வந்தவனைக் காற்று கிழக்கே கொண்டுபோய்விட்டது. மன்னாரில் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறேன், நம் கொழும்பு ஏஜெண்டுக்குத் தெரிந்தவர். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை போனால்தான் நடக்கும் என்கிறார்.

எனக்குத் தெரிந்த மேலிடம் நீதான். உன் ஆபீஸ் வாசலில் ‘சர்வதேச விவகார ஆராய்ச்சி நிலையம்’ என்று பலகை தொங்குகிற போட்டோவைக் காட்டினாய். இதைவிடச் சர்வதேச விவகாரம் உங்களுக்கு எங்கே கிடைக்கப்போகிறது? உன் இயக்குநரிடம் சொல்லு.

உன் அத்தை செல்லக்கனிக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. நாசரேத்தில் உன் அம்மா சுகமாக இருக்கிறாள், போன ஞாயிறு பார்த்தேன். நீ குளிர் தொடங்குமுன் நல்ல கம்பளி வாங்கிக்கொள். கடவுள் உன்னைக் காப்பாராக.

மாமா,
தேவபிரசாதம்


டெல்லி
1-10-1976

மாமாவுக்கும் அத்தைக்கும் கிருபையின் தோத்திரம். நான் சுகம். கம்பளி வாங்கிவிட்டேன்.

எங்கள் நிலையத்தைப் பெரிய இடம் என்று நினைத்துவிட்டீர்கள். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் பழைய மாணவர் விடுதி ஒன்றை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். கீழே நூலகம், மேலே நாங்கள். பல தேசத்துப் பத்திரிகைகள் வரும், கத்தரித்து ஒட்டி வைப்போம். மாதம் ஒரு கருத்தரங்கு, பிஸ்கட் டீயோடு. நாங்கள் யாரையும் பிடிப்பதுமில்லை, விடுவிப்பதுமில்லை.

இருந்தாலும் இயக்குநர் என்னைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டு அமைச்சகத்துக்குப் போனார். அங்கே ஓர் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பேசிக்கொண்டே மேசைமேல் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். நான் எழுதிய அறிக்கை! கொழும்பில் உள்ள நம் தூதரகம் கேட்டு, எங்கள் நூலகமே அனுப்பி வைத்ததாம். தொம்மைப் பாரைப் பற்றி அச்சில் இருப்பது அது ஒன்றுதானாம். அவர் பென்சிலால் கோடிட்டிருந்த வரிகளை அப்படியே எழுதுகிறேன்:

“கடலுக்கடியிலுள்ள பாறைத்திட்டான தொம்மைப் பாருக்குத் தூத்துக்குடி, வேம்பார் வள்ளங்கள் போகும் வழக்கமில்லை. நீரோட்டம் கடுமை, மீனும் இல்லை என்று விசாரிக்கப்பட்ட ஆறு தண்டல்களும் ஒருமுகமாகச் சொல்லுகின்றனர்.”

இந்த மார்ச்சில் இரண்டு அரசாங்கமும் சேர்ந்து போட்ட எல்லைக்கோடு அந்தப் பாரை வெட்டிக்கொண்டு போகிறது. பெரும்பகுதி அவர்கள் பக்கம். மீன் பிடிக்க யாருமே போகாத இடத்தில் இந்த ஆள் எதற்காக நின்றார் என்று மன்னாரில் கேட்கிறார்களாம். காற்று தள்ளியது என்றேன். நங்கூரம் இறக்கியிருந்ததே என்றார் அதிகாரி.

கடத்தல் சரக்கு மாற்றிக்கொள்ளக் காத்திருந்தார் என்றுதான் மன்னாரில் வழக்கு எழுதியிருக்கிறார்கள். இந்த எமர்ஜென்சி காலத்தில் அந்தப் பெயர் விழுந்துவிட்டால், அங்கே விட்டாலும் இங்கே கரையில் கால் வைத்ததும் உள்ளே போட்டுவிடுவார்கள்.

மாமா, சிலுவை அங்கே எதற்குப் போனார்? எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள்.

அன்புள்ள,
கிருபை


தூத்துக்குடி
12-10-1976

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் சேர்ந்தது. நீ சுகமாக இருப்பது அறிந்து எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே இன்னும் மழை இறங்கவில்லை, கருவாடு நன்றாகக் காய்கிறது. முதல் தரமான சீலாக் கருவாடு ஒரு பெட்டி உனக்குப் பார்சலில் போட்டிருக்கிறேன். உன் இயக்குநருக்கும் கொடு. வங்காளி என்றாயே, ருசி தெரிந்தவராகத்தான் இருப்பார்.

சாத்தான்குளத்திலிருந்து உனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பாங்கில் வேலை. குடும்பத்தில் எல்லாரும் வாத்தியார்மார். உன் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

சிலுவை விஷயம். அவன் பெண்சாதி மெட்டில்டா தினமும் கடைக்கு வருகிறாள். ஒன்றும் கேட்பதில்லை. என் மேசைக்கு எதிரே கருவாட்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். சரக்குப் பார்க்க வருகிறவர்கள் அவளைக் கண்டதும் குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு அரிசி, பருப்பு எல்லாம் அனுப்பி வருகிறேன், அதில் குறை வைக்கவில்லை.

நங்கூரம் பற்றிக் கேட்டாய். காற்று தள்ளும்போது நங்கூரத்தைப் போடாமல் வேறு எதைப் போடுவான்? அதிகாரியிடம் இப்படிச் சொல்லிப் பார்.

இன்னொரு யோசனை. ‘போகும் வழக்கமில்லை’ என்று நீ எழுதியிருப்பதை ‘அபூர்வமாகப் போவதுண்டு’ என்று மாற்றினால் என்ன? மூட்டையில் முத்திரை தப்பாக விழுந்தால் அதன் மேலேயே இன்னொன்று குத்தி அனுப்புகிறோம். துறைமுகத்தில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. நீ எழுதினதுதானே, நீயே மாற்றலாமே.

அத்தை உன்னை மிகவும் விசாரித்தாள். வரன் விஷயத்துக்கு உடனே பதில் எழுது.

மாமா,
தேவபிரசாதம்


டெல்லி
27-10-1976

மாமாவுக்கும் அத்தைக்கும் தோத்திரம்.

பார்சல் வந்தது. வந்ததை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஜப்பானைப் பற்றி ஆராய்கிற அம்மாள் இரண்டு நாள் வராந்தாவில் நாற்காலி போட்டு வேலை செய்தார். காவலாளி எலி செத்துவிட்டதென்று அலமாரிகளை நகர்த்தினான். இயக்குநர் மட்டும் பெட்டியைத் தன் காரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அறிக்கையை மாற்ற முடியாது மாமா. அது நாடு முழுக்க நூலகங்களில் இருக்கிறது. காரணம் சொல்லாமல் ஒரு வரியை மாற்றினால் மற்ற எந்த வரியையும் நம்பமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு, உங்களிடம் மறைப்பானேன்? என்னுடையது தற்காலிக வேலை. ஜனவரிக் கடைசியில் நிரந்தரப் பதவிக்கு ஆள் எடுக்கக் குழு கூடுகிறது. அவர்கள் முன்னால் வைக்க என்னிடம் இருப்பது அந்த ஓர் அறிக்கைதான்.

அது சரியாகத்தானே இருக்க வேண்டும்? உங்கள் ஆட்கள் நாலு பேர் மட்டும் சொல்லியிருந்தால் நானும் யோசித்திருப்பேன். ஒருபக்கமாக இருக்கக் கூடாதென்று நீங்களே உங்கள் போட்டி வியாபாரி இனிகோவிடம் கேட்டு அவருடைய தண்டல்கள் இரண்டு பேரையும் வரவழைத்தீர்கள். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அன்று கிட்டங்கியில் ஒன்று நடந்தது. அதைப் பற்றி உங்களிடம் கேட்டு அரைப் பக்கம் எழுதினேன். பிறகு வேண்டாமென்று கிழித்துவிட்டேன்.

மெட்டில்டாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அத்தை முட்டுக்குச் சுடுமணல் ஒத்தடம் கொடுக்கிறார்களா?

அன்புள்ள,
கிருபை


டெல்லி
5-12-1976

மாமாவுக்குத் தோத்திரம்.

என் கடிதம் கிடைத்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அம்மா எழுதியிருந்தாள். நீங்கள் சபைக் கூட்டத்தில்கூட வாய் திறப்பதில்லை, காணிக்கைக் கணக்கில் தப்பு இருந்தும் பேசாமல் எழுந்து போய்விட்டீர்கள் என்று. அது நீங்கள் இல்லையே.

மன்னாரில் வழக்கை பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டார்கள். சிலுவைக்குக் காலில் ஏதோ புண் என்று வக்கீல் தூதரகத்துக்கு எழுதியிருக்கிறாராம்.

கிறிஸ்மஸுக்கு நான் வரவில்லை. வரன் இப்போது வேண்டாம். ஒரு கார்டாவது போடுங்கள்.

கிருபை


தூத்துக்குடி
19-12-1976

கிருபைக்கு,

எல்லாரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

தொம்மைப் பாருக்கு நம் வள்ளங்கள் போகும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து போகிறது. சுறா அங்கேதான் விழும். சுறாத் துடுப்பைக் காயவைத்துச் சிங்கப்பூருக்கு நான் ஏற்றுகிற பீலி எல்லாம் அந்தத் தண்ணீரில் வந்தது. தலைச்சுமையாகக் கருவாடு விற்றவன் மில்லர்புரத்தில் வீடு கட்டினது அதனால்தான்.

நீ வருவதற்கு முந்தின நாள் நம் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஏலே, பிள்ளை புத்தகம் எழுத வருது. கேக்கதுக்கெல்லாம் நல்லாப் பதில் சொல்லுங்க. தொம்மைப் பார மட்டும் வாயில எடுக்கக் கூடாது. புத்தகத்துல ஏறிட்டுன்னா இனிகோ வாசிச்சிருவான். மறுநாளே அவன் வள்ளம்லாம் அங்கன போயி நிக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிலுவை மட்டும், “படிச்ச பிள்ளைகிட்ட பொய் சொன்னா பாவம்லா அண்ணாச்சி?” என்றான்.

“பொய் இல்லலே, இது தொழில்” என்றேன்.

இனிகோவின் ஆட்களும் அதையே சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அவர்களுக்குப் பாரே தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இது முதல் விஷயம். இரண்டாவதைக் கேள். எல்லைக்கோடு போட்ட நோட்டீசைக் கஸ்டம்ஸ் ஆபீஸ் சுவரில் நான் நின்று வாசித்தேன். செப்டம்பரில் சிலுவை வந்து கேட்டான், “கோடு போட்டுட்டாவளாமே, போலாமா அண்ணாச்சி?”

“தண்ணியில எவம்லே கோடு போட்டான்? போயிட்டு வா” என்றேன். அவனுக்கு வாசிக்கத் தெரியாது.

காற்று தள்ளிவிட்டது என்று உனக்கு எழுதினேன். அன்றைக்குக் காற்றே இல்லை.

மூன்றாவதும் இருக்கிறது. பாரின் மேற்கு விளிம்பு இன்னும் நம் பக்கம்தான். அதை இனிகோ அறியக் கூடாது என்றுதான் இத்தனை நாள் உன்னிடமும் மூடி மறைத்தேன். சிலுவை பிடிபட்ட அடுத்த வாரமே அங்கே வேறு வள்ளம் அனுப்பினேன். நிறையச் சுறா வந்தது.

அந்தச் சுறாவில்தான் மாட்டிக்கொண்டேன். முந்தாநாள் சென்னையிலிருந்து ஏற்றுமதிக்காரர் ஒருவர் பீலி பார்க்க வந்தார். நல்ல சரக்காக இருக்கிறதே, எந்தப் பக்கம் பிடித்தது என்றார். கன்னியாகுமரிப் பக்கம் என்றேன். மூன்று மாதமாகச் சாக்கின்மேல் பேசாமல் உட்கார்ந்திருந்த மெட்டில்டா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

“அய்யா, இது தொம்மைப் பார் மீனு. எம் மாப்பிள்ள பிடிக்கித மீனு எனக்குத் தெரியாதா? அங்கன ஆளே போவ மாட்டாவன்னு எங்க அண்ணாச்சி புத்தகத்துல எழுதி வச்சிருக்காவ. மீனுதான் தானா நடந்து வந்து இந்தச் சாக்குல ஏறிக்கிட்டு!”

வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான், “ஏளா, வாய மூடு” என்றேன்.

“மூடித்தான இருந்தேன். உங்க முகத்தப் பாத்து எல்லாரும் மூடுனோம். என்ன கிடைச்சிது? எம் மாப்பிள்ளய கடத்தக்காரன்னு எழுதிப் போட்டுட்டானுவ. நாளைக்கி எம் பொம்பளப் பிள்ளய எவன் வந்து கெட்டுவான்? நீங்க அனுப்புத அரிசிய வேற வீட்டுக்கு அனுப்புங்க அண்ணாச்சி. எனக்கு உங்க வாயில இருந்து ஒரு சொல்லுதான் வேணும்.”

அரிசி மூட்டை அன்றைக்கே கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தது. வாசலில் அப்படியே கிடக்கிறது. உள்ளே எடுத்து வைக்க உன் அத்தை விடவில்லை. அவளுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன்.

உனக்கும் சொல்லிவிட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

தேவபிரசாதம்


டெல்லி
2-1-1977

மாமாவுக்கு,

புது வருஷத்தில் உங்கள் எல்லாருக்கும் சமாதானம் உண்டாகட்டும்.

உங்களைத் திட்டி ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அதை வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துப்போட்ட அந்த அரைப் பக்கத்தை இப்போது எழுதுகிறேன்.

அன்று சிலுவையிடம் தொம்மைப் பாரைப் பற்றிக் கேட்டேன். “அங்கன போனா…” என்று ஆரம்பித்தார். நீங்கள் டீத் தம்ளரை மேசைமேல் வைத்தீர்கள், கொஞ்சம் சத்தமாக. அவர் நிறுத்திக்கொண்டு உங்களைப் பார்த்தார். அப்புறம், “போனா ஒண்ணும் கிடைக்காதும்மா” என்று முடித்துவிட்டுப் பன்னை எடுத்துக்கொண்டார்.

நான் அதைப் பார்த்தேன் மாமா. பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினேன்.

கேள்வி கேட்கப் போகும்போது, அவர்களுக்கு வேலை கொடுக்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே என்று எங்கள் நிலையத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். நீங்கள் இல்லாமல் அந்த ஆட்கள் என்னிடம் பேசமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்துவிட்டதே என்ற சந்தோஷம் மீதிப் பாதி. நீங்கள் கூட இருந்ததை அறிக்கையில் நான் எழுதவில்லை. ‘ஒவ்வொருவரும் தனித்தனியே விசாரிக்கப்பட்டனர்’ என்று எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லச் சொல்லி நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

எங்கள் காலாண்டு இதழில் திருத்தம் வெளியிடப்போகிறேன். பதவிக்கான குழு கூடுமுன்பே கொடுத்துவிடுவேன். அதற்கு ஆறு தண்டல்களில் வெளியே இருக்கிற ஐந்து பேரும் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். உங்கள் வாக்குமூலம் வேண்டும், பெயர் ஊர் எல்லாவற்றோடும். ஆனால் உங்கள் வார்த்தையை மட்டும் வைத்து மன்னாரில் நம்பமாட்டார்கள். தன் ஆளைக் காப்பாற்ற இப்போது மாற்றிச் சொல்கிறார் என்பார்கள். உங்களுக்கு வேண்டாத ஒருவர் சொல்ல வேண்டும். இனிகோவைத் தவிர அப்படி யாரையும் எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் போவீர்களா?

கிருபை


தூத்துக்குடி
20-1-1977

அன்பு மருமகள் கிருபைக்கு,

இங்கே யாவரும் சுகம். அத்தை எழுந்து நடமாடுகிறாள்.

உன் கடிதம் கிடைத்தபின் ஒரு வாரம் வியாபாரி புத்தியில்தான் இருந்தேன். பெயர் போடாமல் ‘துறைமுகத்து வியாபாரி ஒருவர்’ என்று போடலாமா, மேற்கு விளிம்பை மட்டும் விட்டுவிடலாமா என்றெல்லாம் உனக்கு எழுதி, தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அத்தை அதை அடுப்பில் போட்டுவிட்டாள்.

பிறகு இனிகோ கடைக்குப் போனேன். அந்த வாசலை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை.

“வாரும் அண்ணாச்சி, வழி தப்பிட்டீரா? இல்ல கடைய விலைக்குக் கேக்க வந்தீரா?” என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாரைச் சொன்னேன், ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பையன் ஓடிவந்து தண்ணீர் கொடுக்கும்படி ஆயிற்று.

“தொம்மைப் பாரா? ஓய், எங்க அப்பா காலத்துல இருந்து அங்கன போறோம். உம்ம வள்ளம் வடக்குத் தலையில நிக்கும், எங்க வள்ளம் தெக்குத் தலையில நிக்கும். உம்ம மருமவ வந்தப்ப எங்க ஆளுவ ரெண்டு பேரக் கூப்பிட்டு விட்டீர்லா? நானும் இதத்தான் சொல்லி அனுப்புனேன். பார் பேச்ச எடுத்துராதீங்கலே, தேவபிரசாதம் காதுல விழுந்துரும்னு!”

“அப்ப நம்ம தண்டல்மாருக்கு?” என்று கேட்டேன்.

“அவனுவ நடுக்கடல்ல வள்ளத்த அணைச்சி ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிக்கானுவ. உமக்கும் எனக்குந்தான் ஓய் தெரியாது.”

அதைச் சொல்லிவிட்டு அவனும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஒரு பொருளை யாரிடமிருந்து ஒளித்தேனோ அவனிடம் அது முதலிலிருந்தே இருந்திருக்கிறது கிருபை. ஒன்றுமில்லாததற்காக ஒருவனை மன்னாரில் உட்கார வைத்திருக்கிறேன்.

இனிகோ எழுதிக் கொடுத்தான். நீர் முதலில் கையெழுத்துப் போடும், உமக்குக் கீழே நான் போடுகிறேன் என்றான். போட்டேன். நோட்டரி வக்கீல் ஆபீசில் ஐந்து தண்டல்களும் சொன்னார்கள். நான் உள்ளே போகவில்லை, எதிர்த்த கடையில் நின்றேன். வெளியே வந்து ஒருவனும் என்னிடம் என்ன சொன்னான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் இதோடு ரிஜிஸ்தர் தபாலில் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தூங்கவிடாமல் அரிக்கிறது. உன் அறிக்கையைப் பார்த்துத்தான் அந்தக் கோட்டைப் போட்டார்களா? பார் போனது எங்கள் பொய்யாலா?

மாமா,
தேவபிரசாதம்


டெல்லி
14-2-1977

மாமாவுக்கும் அத்தைக்கும் தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். இல்லை. என் அறிக்கை அச்சாகி வருமுன்பே அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். கோடு போட்டவர்கள் யாரும் எங்கள் நிலையத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வரிகளைத்தான் கொடுத்திருப்பேன். அந்த நினைப்பு எனக்குப் போகவில்லை.

திருத்தம் அச்சாகிவிட்டது. அதன் பிரதியையும் வாக்குமூலங்களையும் தூதரகத்துக்கும் மன்னார் வக்கீலுக்கும் அனுப்பினோம். இனிகோ சொன்னதுதான் எடுபட்டது. இரண்டு போட்டி வியாபாரிகள் சேர்ந்து இப்படியொரு வெட்கத்தை இட்டுக்கட்ட மாட்டார்கள் என்று என் அறிக்கையில் கோடிட்டுக் காட்டிய அந்த அதிகாரியே சொன்னாராம். கடத்தல் வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். எல்லை தாண்டியதற்கு வள்ளம் பறிமுதல், அது திரும்பி வராது. ஆட்களை இந்த மாதக் கடைசியில் தலைமன்னார் கப்பலில் ஏற்றி ராமேஸ்வரத்துக்கு அனுப்புவார்கள்.

‘தனித்தனியே’ என்று நான் எழுதியது பொய் என்பதையும் திருத்தத்தில் சேர்த்திருக்கிறேன். இயக்குநர் படித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கருவாடு தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. ஜூன் வரை நான் இருக்கலாம். அம்மாவுக்கு இதை நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம்.

சிலுவையை யார் கூப்பிடப் போகிறீர்கள்?

கிருபை


தூத்துக்குடி
6-3-1977

அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், உன் அம்மாவும் சுகம். உன் வேலை விஷயத்தை அவளிடம் நான் பேசவில்லை. உனக்கு நான் செய்ததற்கு ஈடாக எதைச் சொல்வதென்று தெரியவில்லை. கொடுத்துத் தீர்க்கிற காரியமாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். ஜூனுக்குப் பிறகு வீட்டுக்கு வா என்று அத்தை சொல்கிறாள். நான் சொல்ல முடியாததால் அவள் சொல்கிறாள்.

சிலுவையை நானும் மெட்டில்டாவும் போய்க் கூட்டி வந்தோம். ராமேஸ்வரம் பஸ்ஸில் அவள் எனக்கு இரண்டு சீட் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கப்பலிலிருந்து இறங்கினவனைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடியும், ஒரு காலைச் சாய்த்து நடக்கிற நடையும். கஸ்டம்ஸ்காரர் மேசையில் அவனை நிறுத்தி, அங்கே எதற்குப் போனாய் என்று கேட்டார். நான் நாலடி தள்ளி நிற்கிறேன். அவன் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்:

“இப்பவும் உங்க முகத்தப் பாத்துத்தான் பேசணுமா அண்ணாச்சி? இல்ல, அவரப் பாத்துப் பேசலாமா?”

அந்த ஆபீசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வெளியே போய், கப்பல் அணைகிற பாலத்துப் பக்கம் நின்றேன். உள்ளே அவன் குரல் தெளிவாகக் கேட்டது. மீன் பிடிக்கப் போனேன், எங்கள் பார் அது என்றான்.

நேற்று அவர்கள் மாதா கோயில் சாமியார் அறையில் உட்கார்ந்து பேசித் தீர்த்தோம். சிலுவை, மெட்டில்டா, நான். சாட்சிக்கு இனிகோ. நான் பேரம் பேசிப் பழகினவன், நேற்று பேசவில்லை. அவர்கள் சொன்னதற்கெல்லாம் சரி என்றேன். ஆனது இது:

வேம்பாரில் தச்சனிடம் புது வள்ளம் போடச் சொல்லியாயிற்று. அது சிலுவை பெயரில் இருக்கும், எனக்கு அதில் பங்கில்லை. பிடிக்கிற மீனை அவன் இஷ்டப்பட்டவனுக்குக் கொடுப்பான், இனிகோவுக்குக் கொடுத்தாலும் நான் கேட்கக் கூடாது. கூடப் பிடிபட்ட நாலு பேரும் எனக்குத் தர வேண்டிய பழைய முன்பணப் பாக்கியைத் தள்ளிவிட்டேன். மேற்கு விளிம்புக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். கோட்டைத் தாண்டி ஒருவனையும் நான் அனுப்பக் கூடாது.

கடைசியாக மெட்டில்டா ஒன்று சொன்னாள். உன்னைப் போல யாராவது, சர்க்காரோ ஆராய்ச்சிக்காரர்களோ, கடலைப் பற்றிக் கேட்க வந்தால், நான் ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாம். டீயும் பன்னும் என் செலவு. அவற்றை வைத்துவிட்டு, முதல் கேள்வி கேட்குமுன் நான் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதற்கும் சம்மதித்தேன்.

மாமா,
தேவபிரசாதம்